பின்வாரைப் பிடித்தவர்கள்

பெல்ட்டின் பின்வாரை யாரோ இழுத்தார்கள். ஒரே ஒரு தடவை, மெதுவாக. "என்னா மச்சான்?" என்று ஸியாம் கேட்டான், கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். ஹஸீப் அவனுக்கு முன்னால் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, காலுறையை இறக்கிவிட்டு, கடித்துக்கொண்டிருந்த அட்டையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஸியாம் திரும்பினான். பின்னால் இடுப்பளவு மானாப்புல், அதற்கப்பால் சரிவு, அதற்கும் அப்பால் மேகம். வார் புல்லில் சிக்கியிருக்கும். வேறு என்னவாக இருக்க முடியும்? அந்த இடத்தில் நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

"முகமே வெளுத்துப்போச்சே!" ஹஸீப் சிரித்தான். "ஊருக்கெல்லாம் மலை காட்டுற ஆளு நீங்க!"

"சிரிச்சது போதும், எழும்புங்க. பனி இறங்கப் போகுது."

மாத்தளை டவுனில் கூடாரமும் டோர்ச்சும் வாடகைக்கு விடும் கடை ஸியாமுடையது. லீவு நாட்களில் கொழும்புப் பொடியன்களை ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுவான். முதுகுப்பை அவனுக்கு ஆகாது. இடுப்பில் பட்டாளத்துப் பெல்ட் ஒன்று, இடப்பக்கப் பையில் தண்ணீர்ப் போத்தல், வலப்பக்கப் பையில் பிளாஸ்டரும் சவர்க்காரமும், பாரத்தைத் தாங்கத் தோளில் இரண்டு வார்கள். கை இரண்டும் சும்மா இருக்கும், வழுக்கினால் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பான். கலேவெலயில் பழைய சாமான் விற்கிறவர் ஒரு சாக்கு நிறைய அப்படிப்பட்ட பச்சைப் பெல்ட்டுகளைக் காட்டியபோது, எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பச்சை நிறத்தோடு கட்டினால் பொலிஸ் பிடித்து நூறு கேள்வி கேட்கும். ஆகவே பெரிய சட்டியில் கறுப்புச் சாயம் காய்ச்சி எல்லாவற்றையும் முக்கி எடுத்தான். கறுப்பாகிவிட்டால் அது யாருடைய சாமானும் இல்லை என்பது அவனுடைய எண்ணம். கடைக்காரன் புத்தி அப்படித்தான் ஓடும்.

மூடுபனிக்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். முன்னால் போகிறவனின் பெல்ட்டில் பின்பக்கம் ஒரு வார் தொங்கும். அடுத்தவன் அதைப் பிடித்துக்கொள்வான். அவனுடையதை அதற்கடுத்தவன் பிடிப்பான். முன்னால் போகிறவன் என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது. திரும்பினால் திசை தப்பும், அந்த மலை விளிம்பில் திசை தப்பினால் ஆளை எடுக்கக் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

ஹஸீப், ஸியாமின் தங்கை பஸ்லாவின் மாப்பிள்ளை. கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். பஸ்லா நிறைமாதம். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேற்றடியில் நின்றவள் சிரிக்கவே இல்லை. "நானா, நீங்க போறது வாறது எனக்குப் பழகிப்போச்சு. இவர மட்டும் முழுசா கொண்டுவந்து தாங்க," என்றாள். ஸியாம் அவள் தலையில் கைவைத்து, "உன் மாப்பிள்ளைக்கு நான் பொறுப்பு," என்றான்.

அஸர் தொழுகை நேரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பனி வந்தது. முதலில் எதிர்மலை போனது, பிறகு புல்வெளி, பிறகு சொந்தக் கால். ஈரமான புல்லின் வாடையும் எங்கோ கீழே ஓடும் தண்ணீரின் இரைச்சலும் மட்டும் மிஞ்சி, அந்த இரைச்சலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாமல் நாலாபக்கமும் பரவி நின்றது. அதே மாதிரிப் பெல்ட் ஒன்றைக் கட்டியிருந்த ஹஸீப் அவன் பின்வாரைப் பிடித்தான். ஸியாம் குச்சியால் தட்டித் தட்டி இறங்கத் தொடங்கினான்.

பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஹஸீப் சொன்ன பெயர் ஒன்றும் ஸியாமுக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லிக் கிண்டலும் செய்தான். இரண்டாவது வளைவில் ஹஸீப் பேச்சை நிறுத்தினான்.

"மச்சான், என்ட வார யாரோ புடிச்சிருக்காங்க."

"புல்லுல சிக்கியிருக்கும். இழுத்துட்டு வாங்க."

"புல்லு இல்ல." அவன் குரல் இறங்கியது. "விரல் தெரியுது."

ஸியாமுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம், பிறகு ரோடு, அங்கே அவர்களைக் கூட்டிப்போகக் காத்திருக்கும் ஜவாஹிரின் வேன். "கலிமா சொல்லிக்கிட்டு நடங்க. வார மட்டும் விட்டுராதீங்க."

ஹஸீப் கலிமா சொல்லத் தொடங்கினான். அந்தக் குரலுக்கு அடியில் வேறொரு சத்தம். டக். பெல்ட்டுப் பையின் பொத்தானைத் திறந்து மூடும் சத்தம். ஹஸீபுடைய பையாக இருக்கலாம். டக். இது அவனுக்குப் பின்னால். டக். இன்னும் பின்னால். ஒருவர் பார்த்து முடித்ததும் அடுத்தவர் தன் பையைப் பார்ப்பதுபோல, அந்தச் சத்தம் ஒழுங்காக, அவசரமில்லாமல், மலை மேலே போய்க்கொண்டே இருந்தது. நனைந்த கான்வஸ் வாடை மூக்கில் ஏறியது.

இடுப்பில் பாரம் கூடியது. ஒருவர் இழுக்கிற பாரமில்லை அது. தோள்வார்கள் சதையில் இறங்கின.

கலிமா கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு முழம் தள்ளிக் கேட்டது. பிறகு ஒரு வளைவு தள்ளி. பிறகு மேலே, புல்வெளிப் பக்கம், அழுகையோடு.

பின்வாரைப் பிடித்த கை மட்டும் அதே இடத்தில் இருந்தது.

"ஹஸீப்?"

பதில் பக்கத்திலிருந்து வரவில்லை. தூரத்திலிருந்து வந்தது. "மச்சான்... என்னைப் பின்னுக்கு அனுப்புறாங்க... கைமாத்திக் கைமாத்தி அனுப்புறாங்க..."

நின்றிருக்க வேண்டும். திரும்பியிருக்க வேண்டும். யா அல்லாஹ், அவன் நின்றானா? முறை, திசை, விளிம்பு என்று மனதுக்குள் என்னென்னவோ சொல்லிக்கொண்டான். உண்மை என்னவென்றால் ஸியாமுக்குப் பயம். கால்கள் அவனை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடின, பின்னால் அத்தனை கால்களும் அதே வேகத்தில் ஓடிவந்தன.

மஞ்சள் வெளிச்சம். வேன். தார் ரோடு.

ஜவாஹிர் குடையோடு இறங்கி வந்தான். வந்தவன் நடுவழியில் நின்றான்.

"நானா... நீங்க ரெண்டு பேருதானே போனீங்க?"

"ஜவாஹிர், கிட்ட வா. கையைக் குடு."

ஜவாஹிர் வரவில்லை. அவன் பார்வை ஸியாமின் தோளுக்கு மேலே போய், இன்னும் மேலே போய், மலைவரை ஏறியது. குடை கீழே விழுந்தது. அவன் ஓடிப்போய் ஏறினான், வேன் கதவை மூடாமலே கிளம்பிப் போனது. சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்தன.

ஸியாம் திரும்பினான்.

திரும்பியபோது அந்தக் கை விடவில்லை. தோள்வார்கள் கழன்று, பெல்ட்தான் இடுப்பில் சுழன்றது. வார் முன்னால் வந்தது, பக்கிள் முதுகுக்குப் போனது. முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. கையைப் பார்த்தான். பச்சைப் பட்டாளத்துச் சட்டைக்குள்ளிருந்து நீண்ட, ஊறிப்போன கை. நகங்களுக்குள் மண். அந்த ஆளின் வாரை இன்னொரு கை பிடித்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வரிசை பாதையோடு வளைந்து வளைந்து ஏறியது. பனி கொஞ்சம் விலகிய இடத்தில், கடைசி ஆளாக, ஹஸீப். அவனுடைய சிவப்பு ஜெர்சி. ஒரு கையை ஸியாமை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், விட்டுராதீங்க!"

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மலைப்பக்கம் திரும்பினார்கள். இப்போது முன்னால் நிற்பது ஹஸீப். கடைசி ஆள் ஸியாம்.

வரிசை நடக்கத் தொடங்கியது. வார் விறைத்தது. ஸியாமின் சப்பாத்து தாரில் உரசியது. அப்புறம் புல்லில்.

பஸ்லாவின் முகம் ஞாபகம் வந்தது. முழுசா கொண்டுவந்து தாங்க. அது ஞாபகம் வந்த பிறகும் அவன் கை இரண்டும் முதுகுப் பக்கம் பக்கிளைத் தேடிப் போயின. கை தானாகப் போனது என்று சொல்லலாம். பொய். அவன்தான் அனுப்பினான். ஹஸீப் மலை மேலிருந்து திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு, கூப்பிடுவதை நிறுத்தினான்.

ஸியாம் அழுத்தினான். பக்கிள் திறந்தது.

பெல்ட் நழுவவில்லை.

பின்னால் வெறும் ரோடு. யாருமில்லாத ரோடு. அங்கிருந்து குளிர்ந்த விரல்கள் வந்து அவன் விரல்களைப் பக்கிளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. திறந்ததை மறுபடி பூட்டின. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தாய் உடுப்பைச் சரிசெய்வதுபோல, அவசரமில்லாமல், வாரை ஒரு இழுப்பு இறுக்கிவிட்டன.

பிறகு, நட என்று, முதுகில் மெதுவாகத் தட்டின.