வழிமொழிய ஆளில்லை

போன் அலறியது.

யாமினி எடுத்தாள். நியூஜெர்சியின் அந்தச் சின்ன டவுன்ஷிப்பில் டிசம்பர் மாலை அதற்குள் இருட்டிவிட்டிருந்தது.

"யாமினி... அப்பாவ எவனோ கார்ல அடிச்சுட்டுப் போயிட்டான்." எதிர்வீட்டு ஷ்யாமளா. "கோயில் எதிர்ல, அந்த க்ராஸிங்ல. அப்பா போயிட்டார்டி..."

வாஞ்சிநாதன் அங்கிள்!

அந்த க்ராஸிங்குக்கு ஒரு தெருவிளக்கு கேட்டு, போன மாதம்தான் யாமினி டவுன்ஷிப் கவுன்சில் மீட்டிங்கில் மன்றாடியிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கவுன்சிலர் இரக்கப்பட்டுத் தீர்மானத்தை முன்மொழிந்தாள்.

"செகண்ட் பண்ண யாராவது?" என்றார் மேயர்.

கவுன்சிலில் ஒரே தமிழன், யாமினியின் கணவன் முகுந்த். மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழிமொழிய ஆளில்லாமல், ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது தீர்மானம்.

"பொண்டாட்டி கேட்டதுக்கு நானே செகண்ட் பண்ணா ஃபேவரிட்டிசம்னு சொல்லிடுவாங்க யாமினி" என்றான் அன்றைக்கு, காரில்.

இப்போது ஈரத்தலையோடு படியிறங்கி வந்தான்.

"அங்கிள் போயிட்டார் முகுந்த். ஷ்யாமளா தனியா நிக்கறா. என் கார் சர்வீஸ்ல இருக்கு, உன் சாவி குடு."

"என் கார் வேணாம்... ஊபர் போடு. வர்றப்ப மான் குறுக்க வந்துது. அடிச்சுட்டேன்."

மானை இடிப்பது இங்கே புதிதில்லை. ஆனால் அவன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. யாமினி கராஜ் கதவைத் திறந்தாள்.

ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. கிரில்லில் ஏதோ சிக்கியிருந்தது.

பழுப்பு மங்கி குல்லா. 'குளிருதும்மா' என்று அக்டோபரிலேயே அங்கிள் மாட்டிக்கொள்ளும் குல்லா.

"மான் மங்கி குல்லா போட்டிருந்துதா முகுந்த்?"

அவன் முகம் வெளுத்தது.

"இருட்டா இருந்துது யாமினி. சத்தியமா தெரியல. பயந்து வந்துட்டேன்..."

இருட்டாம். கேட்ட விளக்கைக் கொடுக்காதவன் சொல்கிறான்.

காலிங் பெல்.

வாசலில் போலீஸ் அதிகாரி. "விபத்துல சிக்கின கார் இந்தத் தெருவுக்குள்ள திரும்பினதைப் பார்த்திருக்காங்க. வீடு வீடா விசாரிக்கறோம்."

முகுந்த் கவுன்சில் புன்னகையை மாட்டிக்கொண்டான். "நான் மத்தியானத்துலேர்ந்து வீட்லதான் இருக்கேன் ஆபீஸர். என் மனைவியக் கேளுங்க."

"அப்படியா மேடம்?"

"ஆமான்னு மட்டும் சொல்லு. ப்ளீஸ்..." என்றான் தமிழில், உதடு அசையாமல்.

யாமினி ஹால் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கராஜ் கதவை அதிகாரிக்கு அகலத் திறந்துவிட்டாள்.

"ஸாரி முகுந்த். பொண்டாட்டியே செகண்ட் பண்ணா ஃபேவரிட்டிசம்னு சொல்லிடுவாங்க."