ஏழாவது பாளத்துக்குக் காய்ச்சல்

அந்தக் கிடங்குக்குள் கைதட்டினால்கூடச் சத்தம் நாலடி தாண்டாது. மெத்தைக்கான ஃபோம் பாளங்கள் சுவர் சுவராக நின்று எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும்.

கிடங்கு மாமாவைத் தேடித்தான் சிறுமி குண்டூசி உள்ளே வந்தாள். "மாமா!" என்று கத்தினாள். குரல் உதட்டிலேயே நின்றுவிட்டது போலிருந்தது. தன் காலடியே லேசாகத்தான் கேட்டது.

"டிக்..."

மிக அருகில்தான்! குண்டூசி உறைந்து நின்றாள்.

"டிக்... ஸ்ஸ்ஸ்..."

யாரோ மூச்சு விடுகிறார்கள்! சர்க்கரை கருகுவது போல ஒரு வாசனையும் வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் ஒவ்வொரு பாளமாகத் தொட்டுப் பார்த்தாள். முதல் ஆறும் வெதுவெதுப்பாக இருந்தன. ஏழாவது சுட்டது. இந்த ஆலையில் ஃபோம் தயாரிக்கும் அம்மா காலையில் புதிதாக வார்த்த பாளம் அது. தீயைத் தடுக்கும் பொடி கலந்தது.

"இங்க என்ன பண்றே?"

குண்டூசி துள்ளிவிட்டாள். பின்னால் கிடங்கு மாமா!

"மாமா, இதுக்குக் காய்ச்சல்! மூச்சு வேற விடுது!"

மாமா சிரித்துக்கொண்டே தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நீளக் கத்தியை எடுத்தார். "உள்ளே என்னன்னு வெட்டிப் பாத்துடலாம்."

"ஐயோ, வேண்டாம்! சூடா இருக்கும்போது வெட்டினா காத்து உள்ளே போய்த் தீப்பிடிக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டு வரேன்!"

அவள் பறந்தாள். அம்மா ஓடி வந்தார். குண்டூசியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மாமாவும் அவரும் பாளத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெட்டவெளிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அது முனகியது. உச்சியிலிருந்து நூலளவு புகை எழுந்தது.

தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி மூவரும் எட்ட நின்று காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். புகை மெலிந்து நின்றது. தீ வரவே இல்லை.

நன்றாக ஆறிய பிறகு அம்மா வெட்டினார். வெளியே வெள்ளை. நடுவில் குகை போல ஒரு கரிய பள்ளம்.

"ஃபோம் கலவையில தண்ணியைக் கொஞ்சம் கூடுதலா ஊத்திட்டேன். தண்ணி கூடினா ரசாயனம் அதிகமாப் பொங்கி உள்ளே கொதிக்கும். அதான் இவ்வளவு சூடு," என்றார் அம்மா. பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஆனா பொடி வேலை செஞ்சிருக்கு, பாரு! கரியாகித் தீயை மூடிடுச்சு. சாதா ஃபோமா இருந்தா கிடங்கே போயிருக்கும்."

மாமா வியர்வையைத் துடைத்தார். "எனக்கே குலை நடுங்கிடுச்சு. உனக்குப் பயந்து ஓடணும்னு தோணலையா குண்டூசி?"

"ஓடினேனே மாமா," என்றாள் அவள். "அம்மாகிட்ட!"