துளசிராமின் கட்டங்கள்

மதுரைப் பக்கவாத மருத்துவமனையில் காலைப் பார்வை நேரம் என்றால் திரை பார்க்கும் நேரம். பேச்சிழந்து கிடப்பவர்கள் நினைப்பதை நினைவச்சு இயந்திரம் பக்கம் பக்கமாக அச்சுக்கோக்கும். கட்டிலுக்கு மேலிருக்கும் முன்காட்டி அதை உறவினருக்குக் காட்டும். பக்கத்துக் கட்டில்காரர் மருமகளின் சேலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். தவமணியின் கணவர் துளசிராமின் திரையில் மட்டும் வெறும் கட்டங்கள்.

முன்காட்டிகளைக் கவனிக்கும் ஜெசிந்தா காரணத்தை விளக்கினாள். வாதம் அடித்தபின் துளசிராம் தன் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் நினைக்கிறார். இயந்திரமும் அந்த எழுத்திலேயே கோக்கிறது. முன்காட்டியிடம் அந்த எழுத்துரு இல்லை. தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் அது ஒரு கட்டம் போட்டுவிடும். புதிய எழுத்துரு ஏற்ற அனுமதி வர மாதக்கணக்காகும். நோயாளியின் நினைவுப் பக்கங்களை வேறு திரைக்குக் கொண்டுபோவது குற்றம்.

"அப்ப அவரு பேசுறாருதானே?"

"பேசுறாரும்மா. ஆனா சட்டத்துக்குக் கட்டம்னா காலி. நாளைக்கும் காலின்னு பதிஞ்சா உயிர்க்கருவியை நிறுத்திருவாங்க."

நல்ல சட்டம்! தவமணிக்குக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் தமிழ்தான். அவர் தன் அம்மாவிடம் பேசும்போது மட்டும் அந்த மொழி வரும். இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கற்றுக்கொள்ளத் தோன்றியதே இல்லை. அவரும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத்தான் முடியாது, எண்ணலாமே. கட்டிலோரம் குனிந்தாள்.

"ஏங்க, நான் பேசுறது கேக்குதா? கேட்டா ஒரே ஒரு எழுத்து நினைங்க."

ஓடிக்கொண்டிருந்த வரி நின்றது. திரை வெளுத்தது. ஒரு கட்டம் விழுந்தது.

ஜெசிந்தா மூன்று கேட்கச் சொன்னாள். மூன்று விழுந்தன. மேலதிகாரியை ஓடிப்போய் அழைத்து வந்தாள். அவரும் தன் பங்குக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு, நிறுத்தும் ஆணையைத் தள்ளிவைத்தார். ஆனால் நோயாளியின் விருப்பத்தை மனைவியே கேட்டுச் சொல்லியாக வேண்டும் என்றார்.

தவமணி மறுபடியும் கட்டிலோரம் குனிந்தாள்.

"இன்னும் இருக்கணுமாங்க? ஆமான்னா ஒண்ணு. போதும்னா ரெண்டு."

திரை மறுபடி வெளுத்தது. பிறகு ஒரு கட்டம். தொடர்ந்து இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, பாருங்க" என்றாள் ஜெசிந்தா.

கட்டங்கள் நிற்கவில்லை. வரி நிறைந்து, பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்துக்குப் போனது. இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தார் மனுஷன்? அதில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது.

எதைப் பதிவது என்று அதிகாரி கேட்டார். தவமணி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் பேசி முடிக்கலைன்னு போடுங்க சார்."