கஞ்சி இறங்கிய வேகம்

கஞ்சி இறங்கிய வேகம்தான் எஸ்னாத்தை முதலில் உறுத்தியது. தண்டைக் கழற்றிய பெரிய சிரிஞ்சைக் குழாயின் நுனியில் செருகி, தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊற்றினால், சோளமும் சோயாவும் வேர்க்கடலையும் கலந்த அந்த நீர்க்கஞ்சி மெல்ல மெல்ல வழிந்து, கணவனின் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும். அதற்குள் கை கடுத்துப்போகும். இன்று ஊற்றிய மாத்திரத்தில் சர்ரென்று காலியானது. கடைசிச் சொட்டு போன பிறகும் குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அவள் சட்டென்று சிரிஞ்சைப் பிடுங்கினாள்.

தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி கணவன் வைசனின் பாதத்தைக் கிழித்திருந்தது. புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறி, இப்போது தீவிர சிகிச்சை வார்டில் கிடக்கிறான். மூச்சுக்கு வாயில் ஒரு குழாய், சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு குழாய். மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சமைப்பது சொந்தக்காரர்கள் பாடு. பின்புறக் கொட்டகையில் விறகடுப்பு மூட்டிக் காய்ச்சி, துணியில் வடிகட்டி எடுத்துவர வேண்டும். சின்னக் கட்டி போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வடிகட்டியதும் மாமியார் நாபண்டா எதிரில் வந்து நிற்பாள்.

"முதல்ல நீ ஒரு மடக்கு குடி. என் கண்ணு முன்னால குடி."

"என்ன அத்தை, தினமுமா?"

"தினமுந்தான். எந்தப் புத்துல எந்தப் பாம்போ."

எஸ்னாத் குடிப்பாள். மாமியார் மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு கஞ்சியைவிடச் சூடானது.

நர்ஸ் மகாங்கா சிரிஞ்சால் வயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "நல்லா செரிக்குதும்மா. நல்ல அறிகுறி" என்றாள்.

"அப்ப ஏன் சிஸ்டர் இப்படி இளைச்சுப் போறாரு? கையப் பாருங்க."

"இந்த நோவுல ஒடம்பு தன் சதையவே கரைச்சுத் தின்னும். அதுக்குத்தான் கஞ்சி. அதுக்காகக் குடம் குடமா ஊத்திராதீங்க. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும்."

கதவோரம் நின்ற நாபண்டா விடவில்லை. "பெத்தவ நான் சொல்றேன், பசியில கெடக்கான். ரெண்டு கிண்ணம் ஊத்துனா இவ சொத்து கரைஞ்சிடுமோ!"

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது கொட்டிய இரைச்சலில் மூச்சு எந்திரத்தின் சத்தம்கூட அமுங்கிப்போக, மின்சாரம் போய் ஜெனரேட்டர் விளக்கு மஞ்சளாக நடுங்க, கிருமிநாசினி நெடியோடு இன்னொரு வாடையும் எஸ்னாத்தின் மூக்கில் ஏறியது. தன் கஞ்சியின் வாடைதான். அது வைசனின் தோலிலிருந்து வந்தது. குனிந்தவள் மூக்கருகே குழாயைப் பார்த்தாள். நாசித் துவாரத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய கறுப்பு அளவுக் கோட்டைக் காணவில்லை. அது உள்ளே போயிருந்தது.

"குழாயத் தொட்டீங்களா?" நர்ஸ் எரிந்து விழுந்தாள். "எத்தன தடவ சொல்றது!"

"சத்தியமா தொடல சிஸ்டர்."

நர்ஸ் நம்பவில்லை. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. காதிலிருந்து அதைப் பிடுங்கிக் கட்டில்மேல் போட்டாள். குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டினாள்.

"டாக்டர் வந்து பாக்குற வரைக்கும் எதுவும் ஊத்தாதீங்க. ஒரு சொட்டுகூட வேணாம்."

"என்ன கேட்டுச்சு சிஸ்டர்?"

நர்ஸ் வார்டைவிட்டு ஏறக்குறைய ஓடினாள்.

எஸ்னாத் கட்டில்மேல் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தாள். கேட்க வேண்டாம் என்று மனசு கத்தியது. ஆனாலும் எடுத்துக் காதில் மாட்டினாள். வட்டை அவன் வயிற்றில் வைத்தாள்.

மழை இரைச்சல் மறைந்தது. மெல்லும் சத்தம். நிதானமான, பல்லோடு மெல்லும் சத்தம். நின்றது.

"எஸ்னா."

வைசனின் குரல். வாயில் குழாய் அப்படியே இருந்தது. உதடு அசையவில்லை.

"எஸ்னா, கஞ்சி ஊத்து. அதுக்கு ஊத்து. கஞ்சி இருக்குற வரைக்கும் அதத் திங்குது. இல்லேன்னா என்னைத் திங்குது."

அவள் கிண்ணத்தை எடுத்தாள். குழாயைக் கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். விரலிடுக்கில் குழாய் சப்பையாகி ஒட்டியது. உள்ளிருந்து ஏதோ இழுத்தது.

"ஏய்! என்னடி பண்றே?" நாபண்டா உள்ளே பாய்ந்தாள். "சிஸ்டர் வேணாம்னு சொல்லிட்டுப் போகுது, நீ திருட்டுத்தனமா ஊத்துறியா?"

"அத்தை, ஊத்தணும். இல்லேன்னா செத்துருவாரு. இந்தாங்க, இதுல கேளுங்க, அவரே..."

"தூங்குறவனுக்குத் திருட்டுத்தனமா ஊட்டுறவ யாரு? சூனியக்காரிதான்! கொட்டகையில எல்லாரும் சொன்னாங்க, நாந்தான் நம்பல!"

"நேத்து நீங்கதானே ரெண்டு கிண்ணம் கேட்டீங்க!"

"குடுடி அத!"

கிண்ணம் இருவர் கையிலும் திமிறியது. எஸ்னாத் கெஞ்சினாள். மாமியார் காலில் விழுகிறேன் என்றாள். நாபண்டா ஓங்கித் தட்டினாள். கஞ்சி தரையில் சிதறி, கட்டிலுக்கு அடியில் ஓடியது. கொட்டகைப் பானையில் இனி ஒரு வாய்கூட இல்லை. எஸ்னாத் தரையில் விழுந்து இரு கையாலும் அதை வழித்தாள்.

"பைத்தியம் புடிச்சிருக்கு இவளுக்கு." நாபண்டா கட்டிலோரம் உட்கார்ந்து மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். "வைசா, நான் வந்துட்டேன்பா. இனிமே யாரும் உன்கிட்ட வரமாட்டாங்க."

எஸ்னாத் நிமிர்ந்தாள்.

போர்வை இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பாதம் இருந்த இடம். பிறகு முழங்கால். மெதுவாக. படுக்கையோடு ஒட்டும்வரை. தொடை. பிறகு அடுத்த தொடை.

வயிறு மட்டும் இறங்கவில்லை. போர்வைக்கு அடியில் அது அசை போட்டது. அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பியது.

நாபண்டா கண் மூடிப் பாடத் தொடங்கியிருந்தாள். அவள் பிடியில் மகனின் கை, மாவு தீர்ந்த பைபோல, மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை காலியாகித் தொங்கியது.