பத்து வரியும் ஒரு வாசலும்

“கொப்பி அடிக்கிறத்துக்கும் ஒரு முறை இரிக்கி! வாசிச்சிப் பாத்துத்தானே அடிக்கோணும்?”

“மாதிரிப் புரோகிராம் கோட்ல ஆராவது சொந்த போன் நம்பரப் போடுவாங்களா? அதயும் சொல்லுங்களன்!”

“முன்னூறு பேர்... முன்னூறு வெள்ளாமக்காரங்க எனக்குப் போன் எடுக்காங்க!” என்றாள் முஸ்பிறா.

கல்முனைக் கடற்கரை வீதியில் அஸ்கியின் கம்பியூட்டர் கடை. போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்கள் எடுக்க வந்ததை மறந்து நின்றார்கள். பக்கத்துத் தையல் கடையில் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. நல்ல சண்டை என்றால் ஊருக்கு ஒரு கண்ணியம் உண்டு... இடையில் யாரும் பேச மாட்டார்கள்.

முஸ்பிறாவின் மூச்சு வாங்கியது. கறுப்பு முகத்திரைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் கச்சான் என்ற கோடைக் காற்றுப் பட்ட நெருப்பாய் மின்னின. அஸ்கி அந்தக் கண்களைப் பார்த்தான். பார்த்தபடியே யாருடையதோ தாளைத் தலைகீழாக வைத்துக் கொப்பி எடுத்தான்.

“நானா, உங்களத்தான் கேக்கன்!”

“என்ன வேணுமெண்டாலும் கேளுங்க. கூடப் பிறந்தவன் மாதிரி நானா எண்டு மட்டும் சொல்லாதீங்க...”

நடந்தது இதுதான். இணையத்தில் ‘பத்து வரி’ என்றொரு பக்கம். திங்கள் பைத்தன், செவ்வாய் ஜாவாஸ்க்ரிப்ட், புதன் தரவுத்தளக் கேள்விகள், வியாழன் லினக்ஸ் கட்டளை. நூறு கோப்புகளின் பெயரை ஒரே அடியில் மாற்றுவது, இரண்டு தரம் சேமித்த படங்களைக் கண்டுபிடிப்பது... எதுவானாலும் பத்தே வரி, தமிழில் விளக்கம், வெள்ளிக்கிழமை லீவு. எழுதுவது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் உள்ள வழுக்கைத்தலை விரிவுரையாளர் ஒருவர் என்றே அஸ்கி நம்பியிருந்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, பலருக்கு ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் பத்து வரி வந்தது. சவளக்கடை விவசாயிகள் சங்கத்துக்கு, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை அறிவிக்க ஒரு புரோகிராம் செய்து தருவதாக அஸ்கி ஒப்புக்கொண்டிருந்த நேரம் அது. அப்படியே எடுத்துப் போட்டான். செய்தியின் கடைசியில் ‘விபரங்களுக்கு’ என்று ஒரு நம்பர் இருந்தது. அதையும் எடுத்துப் போட்டான்.

நம்பர் முஸ்பிறாவுடையது. சோதித்துப் பார்க்கத் தன் நம்பரைப் போட்டவள், பதிவிடும்போது மாற்ற மறந்துவிட்டாள்.

“அப்ப... பத்து வரி... நீங்களா?” அஸ்கியின் குரல் இறங்கிப் போனது.

முஸ்பிறா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருடத்து இரகசியம், தையல் கடை வரைக்கும் கேட்கும்படி அவள் வாயாலேயே போய்விட்டது!

இரகசியம் போனால் போகட்டும்... பெயர்? முந்தின நாள் அவளைப் பெண் பார்க்க சரீபா மாமி வந்திருந்தார். மகன் கட்டாரில் என்ஜினியர். பலகாரத் தட்டு வைத்த நேரம் தொட்டு முஸ்பிறாவின் போன் அடித்தது. ஆண் குரல். வைத்தாள். மீண்டும் அடித்தது. வேறொரு ஆண் குரல். நான்காவது குரலுக்கு சரீபா மாமி தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்தார். “புள்ளைக்கி நிறைய ஆக்கள் போல...” என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னமே மூன்று தெரு கடந்துவிட்டது. மூன்று தெருவா, நான்கா என்பதில் மட்டும்தான் ஊருக்குள் கருத்து வேறுபாடு.

அஸ்கி கம்பியூட்டரைத் திருப்பினான். நம்பரை மாற்றினான். “செஞ்சிட்டன்.”

“என்ட பேர ஆரு மாத்துற? எங்கட வாப்பாக்கிட்ட வந்து சொல்லுங்க. கொப்பி அடிச்சன், வாசிக்கல்ல எண்டு.”

சாய்ந்தமருதிலிருந்து சவளக்கடை வரை அவனை ‘புரோகிராம் எழுதுற தம்பி’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை அவனே எடுத்துத் தெருவில் போட வேண்டும்...

“வெக்கமா இரிக்கா? எனக்கும் நேத்து அப்பிடித்தான் இரிந்திச்சி.”

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து, சிறுபோகக் கோடையில் வரக்கூடாத ஒரு மழை... கடலிலிருந்து கிளம்பி வந்து வீதியை மறைத்தது. கோபமாய்ப் போக வேண்டியவள் கோபமாய் நிற்க வேண்டியதாயிற்று. அஸ்கி கடையிலிருந்த இரண்டாவது கதிரையைக் கொண்டுவந்து வைத்தான். அவள் உட்காரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து உட்கார்ந்தாள்.

போன் அடித்தது.

“சொல்லுங்க தங்கராசா அண்ணன்...” என்றாள் முஸ்பிறா, எடுத்த சவளக்கடை விவசாயியிடம். “ஓம், இஞ்சயும் மழைதான்... இல்ல, நாளைக்கித் தண்ணி தெக்கு வாய்க்காலுக்கு. உங்கட வயல் வட்டைக்கி வியாழக்கிழம. வரம்ப இப்ப வெட்டிப் போடாதீங்க...”

அஸ்கி பார்த்துக்கொண்டே இருந்தான். “உங்களுக்கு எப்பிடி இதெல்லாம்...?”

“காலையில நீர்ப்பாசனக் கந்தோர் ஐயாமாருக்கு எடுத்துக் கேக்கன். தெரியா எண்டு சொன்னா அந்த மனிசன் பாவமில்லையா?”

மழைத்துளி ஒன்று அவள் இமையில் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அஸ்கிக்கு உள்ளே என்னமோ விழுந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை என்று இன்றுவரை சொல்கிறாள். நாமும் நம்பியதாகவே வைத்துக்கொள்வோம்.

மறுநாள் பத்து வரியில், ஒரு கோப்புக்குள் ஒளிந்திருக்கும் போன் நம்பர்களைக் கண்டுபிடிக்கும் உதாரணம் வந்தது. மேலே, ‘கொப்பி அடிப்பவர்களின் கவனத்துக்கு’. அதன் கீழே அஸ்கி எழுதினான்: ‘வாசித்தேன். இந்தமுறை இரண்டு தரம்.’ முஸ்பிறா அந்த வரியை நாலு தரம் வாசித்தாள்... சும்மாதான்.

நான்காம் நாள், அசர் தொழுகை முடிந்த கையோடு, அவள் வீட்டு வாசலில் சவளக்கடை உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. தங்கராசா ஓட்டிவந்தார். பக்கத்தில் அஸ்கி, வெள்ளை சேர்ட், வெளிறிய முகம். தெருவில் எத்தனை ஜன்னல் திறந்தது என்று எண்ண முடியவில்லை.

“ஜவுபர் மாமா... அது நான் எழுதின கோட் இல்ல. உங்கட மகள்ட. வாசிக்காமக் கொப்பி அடிச்சன். அதாலதான் எல்லாரும் எடுத்த. சங்கத்துலயும் சொல்லிட்டன். சரீபா மாமிட வீட்டயும் போய்ச் சொல்லிட்டுத்தான் வாறன்.”

“ஐயா, பொன்னான பிள்ளை,” என்றார் தங்கராசா. “நாங்க தண்ணி கேட்டுத்தான் எடுத்தம். ஒருநாளும் முகம் சுழிச்சிக் கதைச்சதில்ல.”

ஜவுபர் தாடியைத் தடவினார். திரைக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். “இவ்வளவும் நீயா எழுதின?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமில்லை.

அதுக்கு மறுகா என்ன... சரீபா மாமி சிரித்த முகத்தோடு ஆள் அனுப்பினார். ‘எங்களுக்குச் சம்மதம்.’ வாப்பா மகளுக்கு யோசிக்க ஒரு கிழமை தவணை கொடுத்தார்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில், பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, அவள் இணையப் பக்கத்தின் உள்பெட்டிக்கு அஸ்கியிடமிருந்து ஒரு சின்னக் கோப்பு வந்தது. பத்து வரி. முஸ்பிறா ஓடவிட்டாள். திரையில் எழுந்தது:

‘கடையில ரெண்டு கதிரை. ஒண்டு சும்மா கிடக்கு. வந்து இரிப்பீங்களா?’

அவள் கன்னம் சுட்டது. ஆனால் எழுதுகிறவள் புத்தி போகுமா? சோதித்துப் பார்க்க ‘இல்ல’ என்று அடித்தாள். அதே கேள்வி மீண்டும் வந்தது. இன்னொரு ‘இல்ல’. அதே கேள்வி. புன்னகை மறைந்தது. பதில் அனுப்பினாள்:

‘உங்கட லூப்ல பிழை இரிக்கி. இல்ல எண்டு சொல்றவளுக்கு வெளிய போக வாசல் இல்ல. திருத்துங்க. என்ட வரியக் கொப்பி அடிக்காம.’

ஒரு மணித்தியாலம்... கச்சான் காற்று ஜன்னல் சீலையை ஊதி விளையாடியது. புதிய கோப்பு வந்தது. இப்போது பதினொரு வரி. பத்துக்குள் அடக்கத் தெரியாத மனிதன்! ‘இல்ல’ என்று அடித்தாள்.

‘சரி. உங்கட நம்பர அழிச்சிட்டன். இனித் தொந்தரவு இல்ல. சந்தோசமா இரிங்க.’

புரோகிராம் தானாக மூடிக்கொண்டது. அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்ற வரி. முஸ்பிறாவுக்கு எழுத்தெல்லாம் நீரில் மிதந்தது.

திரும்ப ஓடவிட்டாள். ஒவ்வொரு எழுத்தாய் அடித்தாள்... ஓம்.

ஒன்றும் வரவில்லை. வெறுமனே மூடிக்கொண்டது. கோட் வரிகளைத் திறந்து பார்த்தாள். ‘ஓம்’ என்ற இடத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை.

அஸ்கிக்குப் போன் எடுத்தாள். “ஓம் எண்டு அடிச்சன். ஒண்டும் வரல்ல.”

அங்கே கதிரை விழும் சத்தம். “நீங்க... அடிச்சீங்களா? அந்த வரிய எழுதப் பயமா இரிந்திச்சி. அடிப்பீங்க எண்டு நினைக்கல்ல...”

“அப்ப அந்த வரிய நான் எழுதுறன். எங்கட வாப்பாக்கிட்ட நானே சொல்றன். நீங்க ஒங்கட உம்மாவ அனுப்புங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “மச்சான்.”

பெரும்போக மழைக்குள் நிக்காஹ் நடந்தது. சவளக்கடையின் முன்னூறு பேருக்கும் ஒரே நேரத்தில் அழைப்புக் குறுஞ்செய்தி போனது. அடியில் ‘விபரங்களுக்கு’ என்று முஸ்பிறாவின் நம்பர். இந்தமுறை வாசித்துத்தான் போட்டார்கள். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தான், இரண்டு கதிரையோடும். கட்டார் என்ஜினியர் நற்பிட்டிமுனை நஜ்லாவைக் கலியாணம் முடித்து டோஹாவுக்குக் கூட்டிப்போனார். மருமகளிடமிருந்து ஒரு போன் அடிக்காதா என்று சரீபா மாமி இப்போது நாளெல்லாம் காத்திருக்கிறார்.

தங்கராசா மட்டும் மாறவில்லை. அஸ்கி போனை எடுத்தால், “தம்பி, பிள்ளைட்டக் குடுங்க... தண்ணி கேக்கோணும்,” என்கிறார்.