ஐந்தாவது கட்டில்

காலையில் ஓவியத்தின் கூடார வாசலில் நின்றிருந்த வாள்காரன், அவள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது முதல் கட்டிலருகே நின்றான்.

பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது அவள் வேலை. முதலில் தன்னையே கடிந்துகொண்டாள். ஏட்டுச் சித்திரங்களில் ஒரே ஆளை ஒரே தாளில் நாலைந்து இடத்தில் வரைவது வழக்கம்தான், தான்தான் சரியாகக் கவனித்திருக்க மாட்டோம் என்று நினைத்தாள். ஆனால் வாசலில் இப்போது யாரும் இல்லை. பாரதப் போர் முடிந்த இரவில் பாசறையில் தூங்கும் பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகள், அவர்களைத் தூக்கத்திலேயே வெட்ட வந்த ஒருவன், அவ்வளவுதான் படம். முதல் பிள்ளைக்கு இப்போது தலை இல்லை. பசையும் ஈரக் காகிதமும் மணக்கும் அந்த அறையில், ஏசியின் உறுமலுக்கு அடியில், தாளின்மேல் வெறுங்கால் தேய்வது போல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

அவள் பார்வை ஐந்தாவது கட்டிலுக்கு ஓடியது. படம் அவளிடம் வந்தபோது ஐந்தாவது பிள்ளையின் முகம் பூச்சியரித்துப் போயிருந்தது. முகம் போன இடத்தில் முகம் வரையக் கூடாது, காகித நிறத்தை மட்டும் பூசிவிட்டு நகர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நேற்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. தன் ஆறு வயது மகனின் முகத்தை, இடப்புருவத் தழும்போடு அப்படியே எழுதிவிட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்துக்கொண்டாள் வேறு.

வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு. தூங்கறான்," என்றான் கணவன். "எழுப்பட்டுமா?"

"வேண்டாம். பக்கத்துலயே இருங்க. போனை வைக்காதீங்க."

திரும்பினாள். இரண்டாவது கட்டில். கழுத்தில் காயாத சிவப்பு. இமைத்தாள். மூன்றாவது. மறுபடி அந்தச் சத்தம். நான்காவது.

தன் மகன் முகம் அங்கே இருந்தால்தானே வெட்டுவான்.

சின்னக் கத்தியை எடுத்தாள். புருவத்தைச் சுரண்டினாள். மூக்கை. வாயை. துகள் துகளாக வந்தது. பிறகு காகித நிறம். ஒரே பூச்சு.

வாள்காரன் ஐந்தாவது கட்டிலருகே நின்றான். வாள் வெட்டாமல் தாழ்ந்திருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"இங்க பாரு," என்றது போன். கணவனின் குரல் மாதிரியே இல்லை. "இவனைப் பாரு. மூச்சு எப்படி விடுவான்?"

திரை ஆடி ஆடி நின்றது. மகன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே நிறம். காகிதப் பழுப்பு. மழமழவென்று. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. இரண்டு சின்னக் கைகளும் அந்த வெறுமையை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தன, வாயைத் தேடி.