சாக்கில் விழாத பூச்சி

சாக்கு சுத்தமாக இருந்தது.

அக்கா குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், கண் மங்கிய கோழிகள் குறுக்குக் கழியில் ஏறி ஒடுங்கிய பிறகு, ஐந்தையும் ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி மடியில் அமுக்கி, அலகின் ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை நுழைத்துப் பூச்சி மருந்து விட்டிருந்தாள். காலையில் எச்சத்தோடு பூச்சி விழும். விழுந்தது கண்ணுக்குத் தெரியட்டும் என்று, அவள் மூட்டை தைக்கப் போகும் கிடங்கிலிருந்து ஒரு கிழிசல் சாக்கைக் கொண்டுவந்து கழிக்குக் கீழே விரித்திருந்தாள். முதல் தடவை மருந்து கொடுத்தபோது வெந்த சேமியாவைக் கொட்டியது மாதிரி விழுந்து கிடந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். இது மூன்றாவது. எச்சம் இருந்தது, ஈரமாக, பச்சையாக, நாற்றமாக. அதில் ஒரு பூச்சிகூட இல்லை.

மொட்டைவால் கோழியைத் தூக்கி நெஞ்சைத் தடவினாள். எலும்பு கத்தி மாதிரி விரலில் வெட்டியது. கொண்டை வெளுத்து, வெந்நீரில் போட்ட தோல்போலச் சுருங்கியிருந்தது. அவள் கையிலிருந்தபடியே அது தீனிச் சட்டியைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கழுத்தைச் சொறிந்தபடி கேட்டார்.

"பூச்சி விழலைன்னா பூச்சி இல்லைன்னு அர்த்தம். இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

"அப்புறம் ஏன் இளைக்குதுங்க? அள்ளி அள்ளித் திங்குது, தக்கையா இருக்குது."

"எல்லாத்துக்கும் ஒரே நாள்லதான குடுத்தீங்க? ஒன்னை விட்டாலும் போச்சு. அதுகிட்ட இருந்து மறுபடி எல்லாத்துக்கும் வரும்."

"இருக்கறதே அஞ்சு. அஞ்சுக்கும் குடுத்தேன். உமியை மாத்திட்டேன், சுண்ணாம்பு தூவிட்டேன், மண்ணையே ஒரு சாண் வெட்டி எடுத்துட்டேன்."

"அப்ப ஆறாவதா ஒன்னு எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கு, போய்த் தேடுங்க" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். பிறகு, எழுந்து போனவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் பத்து நாளைக்கு முட்டையைத் தொடாதீங்க, மருந்து அதுலயும் இறங்கும்" என்றார்.

முதல் தடவை மருந்து கொடுத்ததிலிருந்தே முட்டைகளை அவள் தின்னவில்லை. கொல்லை மூலையில் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் புதைக்கப் போனபோது ஒன்று கை நழுவிக் குழியின் விளிம்பில் உடைந்தது. வெள்ளைக்கரு பரவியது. மஞ்சள்கரு உடையாமல் நின்றது. அதைச் சுற்றி, கோணி ஊசியில் கோக்கும் சணல் நூல்போல ஏதோ ஒன்று வளையம் போட்டுக் கிடந்தது. அவள் குனிந்தாள். அவள் மூச்சு பட்டதும் நூலின் ஒரு நுனி எழுந்தது. எழுந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. பிறகு அவள் முகம் இருந்த திசையில் நின்றது.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு உள்ளே வந்தவளுக்கு ஒன்று மட்டும் உறைத்தது. கோழி ஐந்து. தினமும் அவள் புதைத்தது இரண்டோ மூன்றோதான். கோழி இளைத்ததால் முட்டை குறைந்தது என்று நினைத்திருந்தாள். ஆனால் தினமும் காலையில் கூட்டின் தாழ்ப்பாள் திறந்தே கிடந்தது.

தம்பி வேலை முடிந்து வந்தான். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். சின்ன வயதில் குண்டாக இருந்ததால் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான். இரண்டு மாதமாக அவன் சாப்பாடு கூடிக்கொண்டே போவதை அவள் வேலைக் களைப்பு என்றுதான் எண்ணியிருந்தாள். இன்று விளக்கு வெளிச்சத்தில் அவன் தோள்பட்டைக் குழியில் ஒரு கையளவு நிழல் நின்றது.

"டேய் குண்டா. கூட்டுல முட்டை எடுக்கிறியா?"

"என்னக்கா, போலீஸ் விசாரணையா?"

"சொல்லுடா."

"விடியும்போது ரெண்டு. சூடு ஆறறதுக்குள்ள நுனியைத் தட்டி உறிஞ்சிட்டு மறுபடி படுத்துருவேன். மூட்டை தூக்கறவனுக்கு வேணாமா?"

"மருந்து குடுத்த முட்டைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மருந்துதான? என் வயித்துலயும் நாலு பூச்சி சாகட்டும்." அவன் வாய் திறந்து சிரித்தான். அவள் அந்த வாய்க்குள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"குடிக்கறப்ப ஏதாச்சும் தட்டுப்படுதா?"

"எப்பவாச்சும் தொண்டையில நூல் மாதிரி வழுக்கும். ஏன்?"

அவள் கையை நீட்டி அவன் நெஞ்சில் வைத்தாள். கோழியைத் தடவுவதுபோலவே தடவினாள். நடுவெலும்பு விரலில் வெட்டியது.

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்கு மூணு லாரி வருதுக்கா."

"வந்தா வரட்டும். அப்பாவும் அம்மாவும் போனப்புறம் உன்னை இடுப்புலயே வச்சு வளர்த்தேன்டா. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரி, வர்றேன். அழுவாத." தட்டை நீட்டினான். "இன்னும் சோறு இருக்கா?"

அவன் வழக்கம்போலக் கொல்லைத் தாழ்வாரத்தில், கோழிக் கூட்டை ஒட்டிக் கிடந்த கயிற்றுக் கட்டிலில் படுக்கப் போனான். உள்ளே படுக்கச் சொன்னாள். புழுக்கமாக இருக்கிறது என்றான். கதவுக்கு இந்தப் பக்கம் பாயை விரித்து அவள் உட்கார்ந்துகொண்டாள். கட்டில் கயிறு இழுபடும் சத்தமும், உமிக்குள் கால்கள் புரளும் சத்தமும், சுண்ணாம்பு வாடையோடு கலந்து வந்த எச்ச நாற்றமும், அவற்றுக்கு நடுவே தம்பியின் வயிற்றிலிருந்து ஈரத் துணியைப் பிழிவதுபோல நீளமாக எழுந்த ஒரு ஓசையும், கதவிடுக்கு வழியாக மாறி மாறி அவளிடம் வந்துகொண்டிருந்தன. விடியும்போது விழித்திருக்க வேண்டும், அவன் தாழ்ப்பாளில் கை வைக்கும்போதே தடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாள் முழுக்க மூட்டை தைத்த உடம்பு. சுவரில் தலை சாய்ந்தது.

கொக். கொக். கொக்.

கண் திறந்தபோது கதவிடுக்கில் வெளுப்பு. அது பயந்த கோழியின் சத்தம் இல்லை. முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பும் இல்லை. தாழ்ந்த குரலில், அவசரமாக, இரை கண்ட கோழி மற்றவற்றைக் கூப்பிடும் சத்தம்.

கதவைத் திறந்தாள்.

கூட்டின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. உள்ளே கோழி இல்லை. கட்டிலுக்குக் கீழே, நுனி உடைந்த இரண்டு ஓடுகள். காலி.

தம்பி மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது.

அவன் தலையைச் சுற்றி நான்கு கோழிகள். மொட்டைவால் நெஞ்சின் மேல். ஐந்தும் அசையவில்லை. ஐந்தும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், அவன் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தன. மழை விட்ட மண்ணில் துளையைப் பார்ப்பதுபோல.



மொட்டைவால் கொத்தியது. காலை ஊன்றியது. இழுத்தது.

வெள்ளையாக வந்தது. ஈரமாக. ஒரு விரல் பருமன்.

மொட்டைவால் ஒரு அடி பின்னால் வைத்தது. நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு. இன்னொரு அடி. தொடைக்கு. அறுபடவில்லை. மற்ற நான்கும் பாய்ந்து நடுவில் பிடித்தன. ஓரமாகப் பிய்த்தன. விழுங்கின. பழக்கப்பட்ட வேலை மாதிரி, சண்டை போடாமல்.

தம்பியின் கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன.

அவள் ஓடிப்போய்க் கோழிகளை விரட்டக் கை ஓங்கினாள். அவன் கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாக. வேண்டாம், இழுக்கட்டும் என்பதுபோல மெல்லத் தலையசைத்தான்.

மொட்டைவால் கட்டிலிலிருந்து கீழே குதித்து, அலகைத் திறக்காமல், கொல்லையின் கடைசி மூலைவரை பின்பக்கமாகவே நடந்து போனது. அவன் வாயிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.